மூணு நிமிஷத்துல ஏற முடியாத மலை

விழுப்புரத்துல வீடு, திண்டிவனத்துல வேலை. தினமும் பாசஞ்சர்தான். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம்னு நின்னு நின்னு போகும். ஜன்னல் சீட் கிடைச்சா எனக்கு அனிமே நேரம். (நாப்பது வயசுல பொம்மைப் படமான்னு வீட்டுல கேட்டாச்சு. நீங்களும் கேக்காதீங்க :))

அரை மணி நேர அனிமே இந்த வண்டிக்கு ஒத்துவராது. முக்கியமான கட்டத்துலதான் யாராவது "தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காருப்பா"ம்பாங்க. அதனால குட்டி அனிமே பக்கம் ஒதுங்கினேன். 2014ல வந்த 'தோனாரி நோ செகி குன்' ஒரு எபிசோட் எட்டு நிமிஷம்கூட இல்ல. கிளாஸ்ல பாடத்தைக் கவனிக்காம டெஸ்க் மேல எதையாவது வச்சு விளையாடுற பையன். பக்கத்து சீட்டுப் பொண்ணு அதைப் பாத்துப் பாத்துப் பாடத்தைக் கோட்டை விடுவா, திட்டும் அவளுக்குத்தான். இதையே அரை மணி நேரம் இழுத்தா அறுவை. 'டேக்யூ' இன்னும் குட்டி. ரெண்டே நிமிஷம், மூச்சுவிடாம பேசித் தீர்த்துடுவாங்க. 2012லேர்ந்து 2017 வரைக்கும் 9 சீசன், மொத்தம் 108 எபிசோட். (நம்மூர் வேண்டுதல் கணக்கு!) ஆனா அதுல ஒரு ஜோக்கைச் சொல்லுன்னா எனக்கு ஞாபகம் இல்ல.

அது எவ்வளவு பெரிய குறைன்னு அக்கா பையன் விஷயத்துலதான் உறைச்சது.

அவன் திண்டிவனம். சின்ன வயசுல என் மடியில உக்காந்து தமிழ்ல ஷின்சான் பாத்தவன். பிளஸ் டூ கணக்குல போயிடுச்சு. என்ன பேசறதுன்னு தெரியாம, தினம் ஒரு குட்டி எபிசோட் அனுப்பினேன். அவனும் தினம் ஒரு சிரிப்பு பொம்மை அனுப்பினான். பய தேறிட்டான்னு நினைச்சேன். ஒரு நாள் வேலை முடிஞ்சு போனா, "பத்து நாளா ரூமை விட்டே வரலடா, சோறும் எறங்கல"ங்கறா அக்கா. பத்து நாளும் நான் அதே ஊருக்குத்தான் வந்து போயிட்டு இருந்தேன்.

அன்னிக்கு அவன் பக்கத்துல உக்காந்து 'யாமா நோ சுசுமே' போட்டேன். உயரம்னா பயப்படுற அவோய், சிநேகிதி ஹினாதாகூட மலையேறப் பழகற கதை. 2013ல முதல் சீசன் 5 நிமிஷ ஸ்லாட்டுலதான் வந்துது. சின்ன மலை, கையில கொண்டுபோன சாப்பாடு, ஒரு சந்தோஷம்.. அதுக்கு அது போதும். 2014ல ரெண்டாவது சீசனை 15 நிமிஷமாக்கினாங்க. ஃபூஜி மலை அதுலதான் வருது. அவோய்க்குப் பாதியிலேயே உடம்பு முடியாமப் போயிடும். ஹினாதா உச்சிக்குப் போவா, இவ எறங்கி வருவா. அப்புறம் மலைப் பேச்சே பிடிக்காம சுருண்டு கிடப்பா. மூணு நிமிஷ எபிசோடா இருந்தா அதுக்குள்ள அவளைச் சிரிக்க வச்சிருப்பாங்க.

பையன் ஒண்ணும் பேசல. ரொம்ப நேரம் கழிச்சு, "மாமா, இவ திரும்ப ஏறுவாளா?"ன்னான்.

"ஏறுவா. நாலாவது சீசன்ல, 2022."

"எட்டு வருஷமா?!"

"நமக்குத்தான்டா எட்டு வருஷம். கதையில அவ்வளவு ஆகாது."

லேசா சிரிச்சான். அக்கா தோசை கொண்டாந்து வச்சா, ரெண்டு சாப்பிட்டான். நான் பாசஞ்சரை விட்டுட்டேன். பஸ்ல நின்னுகிட்டே விழுப்புரம் வந்து சேர மணி பதினொண்ணு.