கத்தரி மேஜையில் அரபுப் பாடம்

1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல், லேத்துப் பட்டறைகளின் ஓசைக்கும் ஏற்றுமதி ஆடை ஆலைகளின் ஷிப்டு நேரத்துக்கும் தன் அன்றாடத்தை இசைவித்துக்கொண்ட மேனாம்பேட்டில், வளைகுடா நாடொன்றில் நெடுங்காலம் கட்டிங் மாஸ்டராக இருந்து திரும்பிய பெரியவர் ஒருவர், அங்கே புறப்படவிருக்கும் இளைஞர்களுக்குத் தம் தையற்கடையிலேயே உடுப்பின் உறுப்புகளை அரபியில் சொல்லிக் கொடுக்கிறார் என்று கேள்வியுற்று, ஒரு சனிக்கிழமை இரவு அதைக் காணச் சென்றேன்.

புத்தகமோ கரும்பலகையோ அங்கில்லை. கணுக்கால்வரை நீண்ட வெள்ளை அங்கியொன்று மேஜைமேல் விரிந்திருந்தது. மாஸ்டர் ஸ்கேலின் நுனியால் கழுத்துப் பட்டியைத் தொட்டார், "யாக்கா" என்றார்கள். தோளுக்குக் "கித்ஃப்", கைக்குக் "கும்", மார்புக்கு "ஸத்ர்", நீளத்துக்குத் "தூல்". தோளையும் கையையும் மாற்றிச் சொன்ன பையனை அவர் கடிந்துகொள்ளவில்லை. நாடாவை அவனிடம் கொடுத்துப் பக்கத்திலிருந்தவனை அளக்கச் சொன்னார். பெருவிரல் தோள்மூட்டில் நின்றபோது "கித்ஃப்", அங்கிருந்து நாடா மணிக்கட்டுக்கு இறங்கியபோது "கும்" என்று உரக்கச் சொல்லியபடியே அளந்தவன், அதன்பின் தவறவில்லை. பட்டியலை நெட்டுருப் போடுவதைவிட இது சிலாக்கியமான அப்பியாசம் என்றே எனக்குப் பட்டது.

ஆயினும், ஏட்டு அரபி ஒன்று, கடைத்தெரு அரபி வேறொன்று. நம் ஜேபிக்கு மூலமான "ஜைப்" என்னும் சொல்லே ஏட்டில் பைக்குரியது. வளைகுடாவில் பேச்சு வழக்கு "மிக்பா". பித்தானும் அவ்வாறே, ஏட்டில் "ஸிர்ர்", வாய்ப்பேச்சில் "துக்மா". இரண்டையும் அவர் சொல்லித் தருகிறார். இதனினும் சிரமமானது தேசத்துக்குத் தேசம் மாறும் தையல். சவூதியில் தோப், குவைத்தில் திஷ்தாஷா, எமிரேட்ஸில் கந்தூரா என்று பெயர் பெறும் அவ்வங்கி, சவூதியில் பெரும்பாலும் விறைத்த காலரும் பொத்தான் இணைப்புக் கஃபும் உடையதாயிருக்க, எமிரேட்ஸிலோ காலரே இன்றி, கழுத்திலிருந்து "தர்பூஷா" என்னும் நூற்குஞ்சம் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொள்கிறது. அக்குஞ்சத்தில் அத்தர் தடவுவது அவர்கள் சம்பிரதாயம். ஓர் ஊரின் கழுத்தை இன்னோர் ஊர்க்காரருக்கு வெட்டிவிட்டால், எத்தனை சொற்களை அறிந்திருந்தும் பிரயோஜனம் என்ன?

அயல்நாட்டு வேலைக்கு ஆளனுப்பத் தமிழ்நாட்டு அரசு 1978-லேயே ஒரு நிறுவனம் அமைத்தது. உரிமம் பெற்ற முகவர்களும் உளர். பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தம் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களை இப்பையன்கள் எங்கெங்கோ கேட்டறிந்திருந்தார்கள். தொழிலின் பாஷை மட்டும், சம்பளம் ஏதும் வாங்காத இந்தப் பெரியவரிடமே அவர்களுக்குக் கிட்டியது.

பாடம் முடியும் தறுவாயில் ஒருவன் கேட்டான்: "மாஸ்டர், அங்க காஜா எடுக்கத் தனி ஆளு இருக்குமா?"

"பெரிய கடைன்னா இருக்கும். சின்னக் கடைன்னா நீதாம்ப்பா எடுக்கணும்" என்று சொல்லி, அவர் காஜாவைக் கையால் எடுக்கும் விதத்தைக் காட்ட ஊசியில் நூலைக் கோத்தார்.