எரிப்பதற்கு ஒரு ரயர்

மலையிலே புகை தோன்றின் அங்கே நெருப்புண்டு எனத் துணியலாம் என்பது தருக்க நூலார் காட்டும் பழைய உதாரணம். வகுப்பில் அதனைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். மத்திய அவுஸ்திரேலியப் பாலைநிலத்திலோ அந்த அநுமானம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: புகையுண்டு, ஆகவே ஆளுண்டு.

சென்ற விடுமுறையில் அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரிலே தமக்கையார் மகனிடம் தங்கியிருந்தேன். அவனுடைய காரின் பின்புறத்தில் நீர்க் கலங்களோடு தேய்ந்துபோன ரயர் ஒன்றும் கிடந்தது. ஏனென்று வினவினேன்.

"அது ஓடுவதற்கல்ல, மாமா, எரிப்பதற்கு" என்றான்.

வழியிலே கார் நின்றுவிட்டால் அதனை விட்டு நடக்கலாகாது. வானிலிருந்து தேடுவோர்க்கு ஆளைவிடக் காரே எளிதிற் புலப்படும். நெருப்பைக் காருக்குத் தொலைவில், காற்று காரை விட்டு அப்பாற் செல்லும் பக்கத்தில், புல்பூண்டு நீக்கிய வெறுந்தரையில் மூட்ட வேண்டும். இல்லையேல் காடே பற்றிக்கொள்ளும். இரவிற் சுவாலை போதும். பகலிலோ, சிறு கனலை அணையாது காத்து, விமான இரைச்சல் கேட்டதும் புகை எழுப்ப வேண்டும். பச்சிலை வெண்புகை தரும். ரயரும் கழிவெண்ணெயும் கரும்புகை தரும். ரயரின் காற்றை முன்னரே போக்காவிடின் அது வெடிக்கும். எரிகின்ற நெருப்பிற் பெற்றோல் ஊற்றுவதோ தன்னையே கொளுத்திக்கொள்வதற்கு ஒப்பாகும்.

அந்நகரிலே 'குக்கபரா' என்னும் சிறு விமானத்தின் சிதைவுகளைக் காட்சிக்கு வைத்திருக்கின்றனர். அதன் முன்னே நெடுநேரம் நின்றேன். 1929 ஆம் ஆண்டு கிங்ஸ்போர்ட் ஸ்மித்தின் 'சதேர்ன் குறொஸ்' விமானம் வடமேற்குக் கரையோரத்திலே சேற்றுநிலத்தில் இறங்கிக் காணாமற்போயிற்று. அவரைத் தேடிப் புறப்பட்ட கீத் அண்டர்சனும் பொப் ஹிச்கொக்கும் ஏப்பிரில் 10 ஆந் திகதி, எந்திரக் கோளாற்றினால், குக்கபராவைத் தனாமிப் பாலையில் இறக்கினர். மீண்டும் எழுவதற்குப் பாதை வேண்டிப் புதர்களுக்குத் தீ வைத்தனர்; எழ முடியவில்லை. கையில் நீரும் மிகச் சொற்பம். இருவரும் தாகத்தால் மாண்டனர்.

கிங்ஸ்போர்ட் ஸ்மித் குழுவினரோ 12 ஆந் திகதி உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டனர். இரண்டே நாள் வித்தியாசம்! விமானத்தில் இருந்த எண்ணெயை எரித்துக் கரும்புகை எழுப்பாதது ஏன் என்று விசாரணைக் குழுவின் முன் அவர்களிடம் கேட்கப்பட்டது. கேட்கத்தக்க கேள்விதான்.

21 ஆந் திகதி லெஸ்ரர் பிறெயின் என்ற விமானி குக்கபராவைக் கண்டார். அவரை அத்திசைக்கு ஈர்த்தது தொலைவில் எழுந்த புகை. அணுகிப் பார்த்தபோது, சிறகின் நிழலிலே ஒருவர் அசைவின்றிக் கிடந்தார்.