கடைமடையில் ஒன்றரை அங்குலம்

நாகப்பட்டினத்தில் மலை கிடையாது. மேடு என்று ஒன்று வேண்டுமானால் ஏதாவது ஒரு பாலத்தில்தான் ஏற வேண்டும். தஞ்சாவூரைத் தாண்டி காவிரி பல கிளையாகப் பிரிந்து, வெட்டாறு, கடுவையாறு, வெள்ளையாறு, அடப்பாறு என்று ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு கடலில் விழுகிற கடைமடை இது. ஆற்றுக்கு ஒரு பாலம், வாய்க்காலுக்கு ஒரு மதகு. பூமி களிமண். ரோடு உட்கார்ந்துவிடும், பாலம் மட்டும் விறைப்பாக நிற்கும். இரண்டும் சேருகிற இடத்தில் வண்டிக்கு ஒரு குத்து நிச்சயம்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு மோட்டார் சைக்கிளின் முன்பக்கத்தை இறக்கினவன் நான்.

வண்டி, க்ரூஸர் ரகம். பெயர் சொல்லமாட்டேன், கம்பெனி மேல் தப்பில்லை. 2001-ல் கவாசாகி பஜாஜ் எலிமினேட்டர் வந்த நாளிலிருந்து நம் ஆட்களுக்கு இந்த ரகம் பரிச்சயம். ஹேண்டில் உயரம், சீட் பள்ளம், கால் முன்னால். லோன் பேப்பரில் கையெழுத்துப் போடப் போகிற மேனேஜர் மாதிரி சாய்ந்துகொண்டு ஓட்டலாம். எனக்கு உயரம் ஐந்தடி எட்டங்குலம். கால் எட்டவில்லை என்ற சாக்குகூடக் கிடையாது. அமெரிக்காவில் வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டுகிறார்களே, அந்த போஸ் வேண்டும். அவ்வளவுதான்!

மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. முன் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி கவ்விக்கொண்டிருக்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாய்களை ஒன்றரை அங்குலம் மேலே தள்ளி, திரும்ப முடுக்கினார். வண்டி தலையைக் குனிந்துகொண்டது. "சூப்பரா இருக்கு சார்" என்று அவரும் சொன்னார்.

அன்று சாயங்காலமே முதல் பில் வந்தது. வண்டி தாழ்ந்துவிட்டது, சைடு ஸ்டாண்டு தாழவில்லை. அதனால் சாயாமல் அட்டென்ஷனில் நின்றது. கடல்காற்று ஒரு தட்டுத் தட்டியதும் பக்கத்து வீட்டுக் கோலத்தின் மேல் படுத்துவிட்டது. ராத்திரி ஹெட்லைட் எனக்குக் காட்டியது ரோட்டை அல்ல, என் முன் சக்கரத்தை.

இதெல்லாம் சில்லறை. பெரிய தொகை வேறு இடத்தில் இருந்தது. ஆபீஸ் சுழல் நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். அடியில் இருக்கிற சக்கரம் தன் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு, தானாக நேராகிவிடும். மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். ஹேண்டில் திரும்புகிற அச்சைத் தரை வரை கோடாக நீட்டினால், டயர் தரையைத் தொடுகிற இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு 'டிரெயில்' என்று பெயர். க்ரூஸரில் ஃபோர்க்கை நன்றாகச் சாய்த்து இதைத் தாராளமாக வைத்திருப்பார்கள். நேர் ரோட்டில் வண்டி ரயில் மாதிரி போவது அதனால்தான். சக்கரங்களுக்கு இடையே 1,400 மில்லிமீட்டர் உள்ள வண்டியில் முன்பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கினால், அந்தச் சாய்வு ஒன்றரை டிகிரி குறையும். ஒன்றரை டிகிரிதானே என்றுதான் நானும் நினைத்தேன். பி.காம். படித்தவன், ஒரு பக்கம் வரவு வைத்தால் இன்னொரு பக்கம் பற்று உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தை அமாவாசைக்கு அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கொடியக்கரைக்குக் கிளம்பினேன். தாத்தாவுக்குத் தண்ணி விட. அறுபது கிலோமீட்டர் போல. வேதாரண்யத்துக்கு எத்தனையோ பேர் எப்படியெல்லாமோ வந்திருக்கிறார்கள். 1930-ல் ராஜாஜி உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து நடந்தே வந்தார். அவருக்கு சஸ்பென்ஷன் தொல்லை இல்லை.

முதல் பாலத்திலேயே 'டங்'.

"ஏன்டா தம்பி, வண்டி குத்துது?"

"ரோடு சரியில்லப்பா."

வேளாங்கண்ணி தாண்டியதும் பக்கவாட்டில் காற்று. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் ஏறின கரை இது. சும்மா நாளிலேயே காற்று சட்டைக் காலரைப் பிடிக்கும். ஹேண்டில் லேசாக நெளிய ஆரம்பித்தது. நான் இறுக்கிப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்தால் இன்னும் நெளிந்தது.

திருப்பூண்டி தாண்டி, அறுவடை சீசன், பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்துக்குக் கல் வைத்திருந்தார்கள். ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய, முன் பிரேக்கை ஒரே அமுக்கு. பின்னால் அப்பாவின் கனம், முன்னால் பிரேக்கின் கனம், ஃபோர்க் முழுசாக உள்ளே போனது. குழாயை மேலே தள்ளிய ஒன்றரை அங்குலம், மட்கார்டுக்கும் கீழ்ப் பிடிக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடம். அது இப்போது அங்கே இல்லை. மட்கார்டு பிடியில் போய் இடித்தது. சக்கரம் ஒரு நொடி சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. நெல்லில் ஏறி, வழுக்கி, மூன்று பேரும் படுத்தோம் (வண்டியையும் சேர்த்து).

துடைப்பத்தோடு ஓடி வந்த அம்மா முதலில் "ஐயோ, என் நெல்லு!" என்றார். அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தார். "பெரியவரே, அடி பட்டுச்சா?" செம்பில் தண்ணீர் வந்தது. அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எள்ளுப் பொட்டலம் பிரிந்து நெல்லோடு கலந்திருந்தது. நான் பணத்தை நீட்டினேன். "வச்சுக்கங்க தம்பி, ஆளு பொழைச்சாச்சே" என்று கூட்டிச் சேர்க்கப் போய்விட்டார்.

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டினார். "உங்க தாத்தாவுக்குத் தண்ணி விடத்தான்டா கிளம்புனோம். எனக்கும் சேத்து இன்னிக்கே முடிச்சிருப்பே."

மிச்ச தூரம் பஸ்ஸில் போனார். நான் ஒடுங்கிய மட்கார்டோடு பின்னாலேயே ஊர்ந்தேன்.

மெக்கானிக் பார்த்துவிட்டு, "அப்பவே சொல்லலாம்னு நெனச்சேன் சார்" என்றார்! அடுத்த யோசனையும் வைத்திருந்தார்: குழாயை இருந்த இடத்திலேயே விட்டு, உள்ளே ஸ்பிரிங்கைக் குட்டையாக வெட்டிப் போடலாமாம். நல்லவேளை, குனிந்து பார்த்தேன். உப்புக்காற்றில் குழாயின் மேல் பாகம் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. ஸ்பிரிங் குட்டையானால் ஆயில் சீல் அந்தச் சொரசொரப்பின் மேல்தான் ஏறி இறங்கும். சீல் கிழியும், ஆயில் ஒழுகும். மீட்டியார் 350-க்குக் கம்பெனி கொடுத்திருக்கிற கணக்கில் முன் ஃபோர்க்கின் ஓட்டம் 130 மில்லிமீட்டர். ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். நாகையில் அதில் ஒரு மில்லிமீட்டரைக்கூடப் பாலங்கள் சும்மா விடுவதில்லை. "பழையபடி இறக்கிடுங்க" என்றேன்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவை மறுபடி கூப்பிட்டேன். எள்ளுப் பொட்டலத்தை இந்தத் தடவை சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். வண்டியில் ஏறவில்லை. முன்னால் வந்து குனிந்தார். மட்கார்டுக்கும் கீழ்ப் பிடிக்கும் நடுவில் கையை விட்டு அளந்து பார்த்தார்.

"சரி, எடு" என்றார்.