எட்டி நின்றால் கிட்ட வரும்!

என் கேமராவைவிட அதில் மாட்டியிருக்கும் லென்ஸைத்தான் வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். 150-600 எம்.எம். ஜூம் லென்ஸ். எடை ஏறக்குறைய 2 கிலோ. முழுசாக இழுத்தால் சுரைக்காய் மாதிரி நீளும். "இந்தக் காசுக்கு வளையல் எடுத்திருக்கலாம்" என்பது வீட்டம்மாவின் நிரந்தரத் தீர்ப்பு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு மட்டும் இதன் மேல் தனி மரியாதை. "மாமா, இதுல நிலா தெரியுமா?" என்பான். நிலாவில் இருக்கும் குழிகளே தெரியும்!

ஆனால், இந்த லென்ஸ் உண்மையில் எதற்கு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது கூந்தன்குளம்.

நெல்லை மாவட்டத்தில் நாங்குநேரி பக்கம் இருக்கும் சின்ன ஊர் அது. 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளத்தில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேம்பிலும் புளியிலும்கூட மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைக் குளத்தில் பார்க்கலாம். எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால், ஊர்க்காரர்களுக்கு இந்தப் பறவைகள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்.

ஒரு மார்ச் மாதம், காலை பதினோரு மணி. நல்ல வெயில். தெருவோர மரம் ஒன்றில் தாய் நாரை கூட்டின் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது. நாற்பது மீட்டர் தள்ளி, ஒரு திண்ணை ஓரமாக உட்கார்ந்து நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். போனும் கையுமாக வந்த இளைஞர் ஒருவர், மரத்தடிக்கே போய்விட்டார்.

"ஒரு கை தட்டு தட்டுனா போதும் சார். மொத்தமா கிளம்பும், செம ஷாட் கிடைக்கும்!"

அவர் கையைத் தூக்குவதற்குள் திண்ணையிலிருந்து ஓர் ஆச்சியின் குரல் வந்தது. "ஏ தம்பி, அது குஞ்சுக்கு நிழல் புடிச்சிக்கிட்டு நிக்கு. நீ வெரட்டுனா வெயில்ல குஞ்சு வெந்துல்லா போவும்? உன் வீட்டுல பச்ச ஒடம்புக்காரி பக்கத்துல நின்னு இப்படிக் கை தட்டுவியா?"

அந்த இளைஞரின் கை இறங்கிவிட்டது. நான் அவரைக் கூப்பிட்டு, கேமராவில் பார்க்கச் சொன்னேன். விரிந்த இறக்கைக்குக் கீழே, வெள்ளைப் பஞ்சாக இரண்டு குஞ்சுகள். வெயில் நகர நகர, தாயும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நின்றது. பத்து நிமிடம் அவர் பேசவே இல்லை. பிறகு, "அம்மா மாதிரியே இருக்குல்ல சார்" என்றார். போகும்போது என் கேமரா திரையில் இருந்த படத்தைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

ஆச்சி சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. பொரித்துச் சில நாட்களே ஆன குஞ்சுகளுக்கு உடல் சூட்டைச் சமாளிக்கத் தெரியாது. தாய் எழுந்து பறந்தால் ஒரு பக்கம் வெயில். இன்னொரு பக்கம், எப்போது இடம் காலியாகும் என்று காத்திருக்கும் காக்கையும் பருந்தும். நமக்கு ஒரு 'ஷாட்', அதற்கு ஒரு தலைமுறை.

அதனால்தான் சொல்கிறேன், டெலிபோட்டோ லென்ஸ் நாம் பறவைக்குக் கிட்டே போவதற்கான கருவி இல்லை. போகாமல் இருப்பதற்கான கருவி. நாம் வந்திருப்பதைப் பறவை கண்டுகொள்ளாமல் இருந்தால்தான் அது இறகு கோதும், குஞ்சுக்கு ஊட்டும், தூங்கும். தலையை நிமிர்த்தி நம்மையே பார்த்தாலோ, கூட்டில் எழுந்து நின்றாலோ, பின்வாங்க வேண்டியது நாம்தான்.

இயற்கைக் காட்சிக்கும் இதே கணக்குதான். பனைமரத்துக்கு 50 மீட்டரில் நின்று எடுத்தால் பனை பெரிதாகவும், பின்னால் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை வெறும் கோடாகவும் தெரியும். 500 மீட்டர் தள்ளிப் போங்கள். பனை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலையோ அப்படியேதான் இருக்கும். இப்போது ஜூம் செய்தால் இரண்டும் சேர்ந்து பெரிதாகும். பனைக்குப் பின்னால் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும்! இந்த அழகைக் கொடுப்பது நாம் தள்ளி நிற்கும் தூரம்தான். லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே.

புதிதாக லென்ஸ் வாங்குபவர்களுக்குச் சில குறிப்புகள்: 600 எம்.எம்.மில் கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் நொடியில் 600-ல் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். பறக்கும் பறவைக்கு 2000-ல் ஒரு பங்கு. காலையிலேயே போய்விடுங்கள். உச்சி வெயிலில் தரையிலிருந்து எழும் அனல், தூரத்துப் படத்தைக் கலங்கடித்துவிடும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

லென்ஸ் இல்லையா? கவலையே வேண்டாம். ஒரு சாதாரண பைனாகுலரின் கண்ணாடி மேல் போன் கேமராவை ஒட்டி வைத்துப் பாருங்கள். குழந்தைகள் துள்ளிக் குதிப்பார்கள். படத்தை எல்லோருக்கும் அனுப்புங்கள். ஆனால், கூடு இருக்கும் இடத்தை மட்டும் போடாதீர்கள். பச்சை உடம்புக்காரி வீட்டு வாசலில் நாமே கூட்டம் சேர்க்கக் கூடாது, இல்லையா?