ஐந்து வோல்ட்

கட்கியில் என் மாமா ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய தந்தையார் இவ்வூர் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். 1869இல் தொடங்கிய அத்தொழிற்சாலையும் பக்கத்துப் பாளையமும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிழைப்பு தந்தன. மாமாவின் சி.என்.சி. ரவுட்டர் அக்ரிலிக் பலகையில் மராத்தி எழுத்துகளை வெட்டுகிறது. மகாராஷ்டிரத்தில் எல்லாக் கடைகளுக்கும் தேவநாகரிப் பெயர்ப்பலகை கட்டாயம் என 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பின்பு அவருக்கு வேலை கூடிற்று. மராத்தியும் இந்தியும் சரளமாகப் பேசுவார். ஆங்கிலக் கையேடு வந்தால் மட்டும் என்னை அழைப்பார்.

சென்ற மாதம் அழைத்தார். ஸ்பிண்டிலின் வேகத்தை அதுவரை வி.எஃப்.டி. பெட்டியின் திருகைக் கையால் திருப்பியே வைத்துவந்தார். இனி நிரலே வேகத்தைச் சொல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம். வழி எளியது. கட்டுப்பாட்டுப் பலகை 0 முதல் 10 வோல்ட் வரை ஒரு மின்னழுத்தத்தைத் தரும். அதைப் பெட்டியின் அனலாக் உள்ளீட்டில் சேர்க்க வேண்டும். 10 வோல்ட் என்றால் 400 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 24000 சுற்று. நிரலில் எஸ்12000 என்றால் 5 வோல்ட். கம்பிகள் இரண்டு: ஒன்று சைகைக்கு, மற்றொன்று பொதுமுனைக்கு. மின்னழுத்தம் என்பதே இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு ஆதலால் பொதுமுனை இல்லாமல் முதற்கம்பிக்குப் பொருளே இல்லை. மொழியியல் படித்தவனுக்கு இதைவிடப் பழக்கமான செய்தி வேறில்லை என்று மாமாவிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

மறுநாள் அக்ரிலிக் உருகிற்று. சீவல் சீவலாக உதிர வேண்டியது இளகி வெட்டுளியைச் சுற்றிக்கொண்டது. வெட்டிய தடம் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொண்டது. எழுத்துகளின் உள்வட்டங்கள் தூர்ந்துபோயின.

"சத்தம் ஏறிக் கேக்குதுப்பா. ஸ்பீடு அதிகமா இருக்கு" என்றார் மாமா.

"கேபிள்ல இரைச்சல் மாமா" என்றேன். கையேட்டில் அப்படி ஓர் அத்தியாயமே இருந்தது. மோட்டார் கேபிளும் சைகைக் கம்பியும் ஒரே குழாயில் ஓடக் கூடாது. முறுக்கிய ஷீல்டு கேபிள் வேண்டும். ஷீல்டை ஒரு முனையில் மட்டுமே எர்த் செய்ய வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் வடியும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் கழற்றி மாட்டினோம். இரண்டு நாள் போயிற்று. இன்னொரு பலகையும் போயிற்று. கடைக்காரர் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் மாமா ஏதோ சமாதானம் சொன்னாரேயொழிய என் பெயரை எடுக்கவில்லை.

இரைச்சல் என்றால் எண் துள்ளும். பெட்டியின் கதவைத் திறந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். 200 இருக்க வேண்டிய இடத்தில் 400 அசையாமல் நின்றது. மல்டிமீட்டரை உள்ளீட்டில் வைத்தேன்: 5 வோல்ட், மிகச் சரி. அனுப்பியவன் பிழை செய்யவில்லை. பெறுகிறவன் அதே ஐந்தை உச்சவேகம் என்று வாசித்தான். அப்படி வாசிக்கச் சொன்னவன் நான். கையேட்டு அட்டவணையில் முதல் வரி 0–10 வோல்ட், இரண்டாம் வரி 0–5 வோல்ட். முதல் வரிதானே என்று 1 என உள்ளிட்டேன். அட்டவணையோ சுழியத்திலிருந்து எண்ணியிருந்தது.

இவ்வூர்ப் பெயரிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. மராத்தியில் முதலெழுத்து மூச்சோடு வரும் க. நடுவில் இருப்பது மெலிந்து அதிரும் ட. தமிழில் 'கட்கி' என்று எழுதினால், ஊரை அறியாதவர் 'வெட்கம்' என்பதில் வருவதுபோல் வல்லொலியாகவே படிப்பார். அந்த ஒலி ஆங்கிலேயர் காதில் ரகரமாக விழுந்து 'கிர்க்கி' ஆயிற்று. எழுத்து ஒன்றுதான், வாசிப்பை உடன்பாடு தீர்மானிக்கிறது. ஆய்வேட்டில் இதைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவன், மாமாவின் காது சொன்னதைக் கேட்கவில்லை.

1ஐ அழித்து 0 இட்டேன். ஒலி இறங்கியது. மாமா கண்ணை மூடிச் சற்றுக் கேட்டுவிட்டு, "இதுதான்" என்றார்.

இரண்டு பலகையின் விலையை நீட்டினேன், வாங்கவில்லை. பெட்டிக் கதவின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: '12000 – 5 வோல்ட் – 200'. கீழே தமிழில், 'முதல்ல காதால கேள்.' அது தமக்கு எழுதியதா எனக்கு எழுதியதா என்று நான் கேட்கவில்லை. நாளை ஞாயிறு, கையேட்டில் பிரேக் பற்றிய பகுதியைப் படித்துச் சொல்ல வரச்சொல்லியிருக்கிறார்.