பி.எஃப். பணமும் ஏஜென்ட் கமிஷனும்

சிங்கப்பூரிலிருந்து

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் போனால் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. புதிதாக வந்து இறங்கிய திண்டிவனத்துத் தம்பி ஒருவன், ஒரகடத்தில் ஒன்பது வருஷம் கம்பெனி வேலை பார்த்தவன், "பி.எஃப். மொத்தத்தையும் எடுத்துதாண்ணே ஏஜென்ட்டுக்குக் குடுத்தேன்" என்றான், பஸ் டிக்கெட் எடுத்ததைச் சொல்வதுபோல.

சட்டம் தடுக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ள 1952ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே இடமுண்டு. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் வரிப் பிடித்தமும் இல்லை. எனக்குக் கோபம் வேறு இடத்தில். பிரவுசிங் சென்டரில் ஃபாரம் 19 போடும்போதே, கேட்காமல் கொள்ளாமல் 10சி-யையும் சேர்த்துத் தட்டிவிடுகிறார்கள். 19 என்பது பி.எஃப்.; 10சி என்பது பென்ஷன்.

முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், அதாவது 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புக்கு மாதம் 1,250 ரூபாய், பென்ஷன் கணக்குக்குப் போகிறது. பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்துவிட்டால் 58 வயதிலிருந்து மாதா மாதம் பென்ஷன். ஒன்பதாம் வருஷத்தில் துடைத்து எடுத்தால் ஒன்பது, பத்து மாதச் சம்பளம் கைக்கு வரும், சர்வீஸ் கணக்கு அத்தோடு முடிந்தது. பணம் வேண்டாம், ஸ்கீம் சர்டிபிகேட் போதும் என்று அதே 10சி-யில் கேட்கலாம். ஊர் திரும்பி வேறு கம்பெனியில் சேர்ந்தால் பழைய சர்வீஸும் கூடச் சேரும். பத்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் பென்ஷன் மாதம் 2,143 ரூபாய்தான். சொற்பம், ஒப்புக்கொள்கிறேன். சாகும்வரை வருகிற சொற்பம்.

இங்கே என்ன நிலைமை? 1955 முதல் நடக்கும் மத்திய சேமநிதி, அதாவது சி.பி.எஃப்., குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஒர்க் பர்மிட்காரருக்கு முதலாளி ஒரு வெள்ளிகூடப் போடமாட்டார். ஊர்க் கணக்கையும் துடைத்துவிட்டு வந்தால் முதுமைக்கென்று எங்கேயும் எதுவும் இல்லை.

அப்படித் துடைக்கும் பணம் யாருக்குப் போகிறது? இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று அரசு அனுமதித்திருப்பது 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும். அதற்குமேல் லட்சங்களில் பேசுகிறவரிடம் முதலில் ரசீது கேளுங்கள்.

எடுத்தே தீரவேண்டும் என்றால் பணத்துக்கு 19 மட்டும் போடுங்கள், தம்பிகளே. 10சி-யில் சர்டிபிகேட் கேளுங்கள். ஆதாரோடு இணைத்த ஊர் சிம்மை ரீசார்ஜ் பண்ணி வைத்திருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.