சார்த் ஆற்றங்கரையில் மூன்று நாட்கள்

தடித்த கறுப்பு அட்டையிட்ட இலத்தீன் பாடற்புத்தகம் ஒன்று நம் தந்தையாரிடம் இருந்தது. மதுரை மிஷனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் உபதேசியாராகப் பணியாற்றியவர் அவர். பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு ஒருவர் கொடுத்துச் சென்ற அந்நூலுக்கு 'லிபெர் உசுவாலிஸ்' என்று பெயர். அதன் முதற்பக்கத்தில் 'சொலேம்' என்னும் ஊர்ப்பெயரைச் சிறுவயதில் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறோம். அவ்வூரில் மூன்று நாள் தங்கும் பேறு நமக்குச் சென்ற ஆண்டு கிட்டியது.

பாரிசு மாநகரிலிருந்து விரைவு இரயிலில் மேற்கே சென்று சாப்லே என்னும் சிறுநகரில் இறங்கினோம். அங்கிருந்து சொலேம் மூன்று கிலோமீட்டர் தொலைவு. பையைத் தோளிலிட்டு நடந்தே சென்றோம். சார்த் ஆற்றின் கரையில் கோட்டைபோல் எழுந்து நிற்கிறது புனித இராயப்பர் துறவு மடம். அதன் உயர்ந்த சுவர்களைக் கண்டதும், உண்மையைச் சொன்னால், சிறிது அச்சமே உண்டாயிற்று.

1010ஆம் ஆண்டில் தோன்றிய மடம் இது. பிரெஞ்சுப் புரட்சியின்போது துறவியர் விரட்டப்பட்டனர். இடித்துத் தள்ளப்பட இருந்த கட்டடத்தைச் சாப்லே ஊரில் பிறந்த கெராஞ்சே என்னும் இளங்குரு மீட்டார். 1833 ஜூலை 11 அன்று தோழர் சிலரோடு அங்கே குடியேறி, புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை மீண்டும் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு! பின்னும் இன்னல்கள் ஓயவில்லை. 1901இல் நாட்டைவிட்டே வெளியேறி இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த துறவியர் 1922இல்தான் திரும்பினர். இத்தனைக்கும் இடையே, ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த பழஞ்சுவடிகளை ஒப்பிட்டு, சிதைந்து போயிருந்த கிரகோரியன் இசையை அவர்கள் செப்பனிட்டனர். 1889 முதல் அச்சுவடிகளின் நிழற்படங்களையே வெளியிடலாயினர். அவ்வுழைப்பின் கனிதான் நம் ஊர்க் கோவிலின் பாடகர் மேடைவரை வந்து சேர்ந்திருந்தது.

உணவறை வாயிலில் மடாதிபதியே நின்று விருந்தினர் கைகளில் நீர் வார்க்கிறார். நாம் கூச்சத்தால் கைகளைப் பின்னுக்கு இழுத்தோம். அவர் புன்னகையோடு காத்து நின்றார்.

காலை பத்து மணிக்குத் திருப்பலி. சங்கத்திற்கு முந்திய பழைய முறையையே காண்போம் என்றெண்ணிச் சென்ற நமக்கு வியப்பு காத்திருந்தது. நாம் பங்கில் நிறைவேற்றும் அதே திருப்பலிதான். ஆனால் இலத்தீனில், பழைய இசையோடு. தாய்மொழிக்குக் கதவு திறந்த 1963ஆம் ஆண்டின் வழிபாட்டு ஏடு, கிரகோரியன் இசைக்கு முதலிடம் உண்டென்றும் கூறியிருப்பதை நாம் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தோம், மறந்தோம். நம் பங்குகளில் மீண்டும் இலத்தீன் வரவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. நம் தாய்மார் தமிழில் பாடும்போது சிந்தும் கண்ணீருக்கு ஈடில்லை. ஆயினும் ஒலிபெருக்கி இல்லாமல், ஒருவர் குரல் மற்றவர் குரலை மேற்செல்லாமல் பாடுகிறார்களே, அதைக் கேட்டு நாணினோம்.

ஒவ்வொரு திருப்பாடல் அடியின் நடுவிலும் ஒரு மூச்சளவு மௌனம் வைக்கிறார்கள். முதல்நாள் மாலைச் செபத்தில் நாமும் மெல்லச் சேர்ந்து பாட, அந்த மௌனத்தில் நம் குரல் மட்டும் முந்திக்கொண்டு தனித்து ஒலித்தது! அருகிலிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். வண்டி ஓடும்போதே கைப்பேசியில் கட்டளைச் செபத்தை முடித்துப் பழகிய நாவு அல்லவா?

இரவு எட்டரை மணிக்குக் கடைசிச் செபம். விளக்குகள் மங்கின. 'சால்வே ரெஜினா' எழுந்தது. தந்தையார் இரவில் கதவைச் சாத்திவிட்டு முணுமுணுத்த அதே இராகம். அவர் சொற்களைப் பிழைபட உச்சரிப்பார். இராகத்தில் பிழை இராது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குருப்பட்டம் பெற்ற புதிதில், ஊருக்கு வந்த நாம், 'இனி இவை எதற்கு?' என்று கூறிப் பழைய புத்தகங்களைப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டோம். அந்தக் கறுப்பு நூலும் அவற்றோடு போயிற்று. தந்தையார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், தம் உடலைக் கல்லறைக்கு எடுக்கையில் 'இன் பாராதீசும்' பாடவேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். அந்நாளில் அதை அறிந்தவர் ஒருவரும் ஊரில் இல்லை. அவர் மகனாகிய குருவும் அறியவில்லை. மின்னிசைக் கருவியோடு வேறொரு பாட்டுப் பாடி அடக்கம் செய்தோம்.

மூன்றாம் நாள் காலை விருந்தினர் பொறுப்பாளரான துறவியிடம் தயங்கித் தயங்கி இதைக் கூறினோம். அவர் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. உள்ளே சென்று நூலொன்றை எடுத்துவந்து, அப்பாடலை மெல்லிய குரலில் இருமுறை பாடினார். மூன்றாம் முறை நம்மையும் பாடச் சொன்னார். இடையில் நிறுத்தி, இன்னும் மெதுவாக என்று கையால் காட்டினார்.

பாரிசுக்குத் திரும்பும் இரயிலில் அதையே வாய்க்குள் பாடிக்கொண்டு வந்தோம். எதிரே அமர்ந்திருந்த சிறுமி தன் படப்புத்தகத்தை மூடிவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள்.